தொட்டியைக் கழுவும் முன் நுரைக்கூட்டை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்து சாயங்கால மழை பிடித்துவிட்டால் மதுரை வீடுகளில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. டெங்குக் கொசுவை ஒழிக்கத் தண்ணீர்த் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவுகிறோம். அதே நாட்களில், நம் வீட்டுச் சுவர்களில் ஒட்டி வாழும் தேரை அந்தத் தொட்டியின் உட்சுவரில் நுரைக்கூடு கட்டி முட்டையிடுகிறது. ஏடிஸ் கொசு முட்டையை ஒட்டுகிற இடமும், தேரை நுரையை ஒட்டுகிற இடமும் ஒன்றேதான்: நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள ஈரச் சுவர். கொசு முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் ஏறியதும் பொரிந்து, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, சுவரை நார் போட்டுத் தேய்ப்பதில் எந்தத் தளர்வும் கூடாது. தேய்ப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த நுரையை எடுத்து வைத்தால் சில நூறு தலைப்பிரட்டைகள் பிழைக்கும். அதை எப்படிச் செய்வது என்று தெரியாததால்தான் பெரும்பாலான வீடுகளில் நுரையும் அழுக்கோடு சேர்ந்து சாக்கடைக்குப் போகிறது. ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் இதை வெளியிட்டு உதவ வேண்டுகிறோம்.

முதலில் தேரை எது என்று அடையாளம் தெரிய வேண்டும். சொறித்தவளையையும் தேரையையும் ஒன்றாகப் பாவித்து இரண்டையும் விளக்குமாற்றால் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சொறித்தவளை தரையில் வாழ்வது. உடம்பெல்லாம் முண்டும் முடிச்சும். கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்த நச்சுச் சுரப்பி இருக்கும். நாய் அதைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளுவது அந்தச் சுரப்பினால்தான். தேரைக்கு அந்தச் சுரப்பி கிடையாது. தோல் வழவழப்பு, உடம்பு ஒல்லி, இடுப்பு சிறுத்திருக்கும், கால் நீளம். விரல் நுனி ஒவ்வொன்றிலும் தட்டையான வட்டு இருக்கும். பெரிய பெண் தேரை மூக்கு நுனியிலிருந்து பின்பக்கம் வரை ஏழெட்டு செ.மீ. வரும், ஆண் அதைவிடச் சிறியது. சந்தேகம் இருந்தால் அது தாவும்போது பின்தொடையின் உட்பக்கத்தைப் பாருங்கள். கரும்பழுப்பில் மஞ்சள் புள்ளிகள் வட்ட வட்டமாகத் தெரியும். உட்கார்ந்திருக்கும்போது அந்தப் புள்ளிகள் மடிப்புக்குள் மறைந்துவிடும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. இரவில் செம்பழுப்பாக இருந்த அதே தேரை, பகலில் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டியிருக்கும்போது வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். அது நோயல்ல.

விலங்கியலில் இதன் பெயர் பாலிபீடேட்ஸ் மாக்குலேட்டஸ். ஜான் எட்வர்ட் கிரே 1830-இல் இதற்குப் பெயரிட்டார். ராக்கோஃபோரிடே என்ற மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனைமலைச் சோலைகளில் மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து இறங்கும் பச்சைத் தவளைகளும், கொடைக்கானல் சோலைகளில் இரவெல்லாம் சத்தமிடும் இரண்டு மூன்று செ.மீ. அளவே உள்ள புதர்த் தவளைகளும் இதற்கு நெருங்கிய உறவு. அந்தப் புதர்த் தவளைகளில் ஒன்று கொடைக்கானலிலிருந்து 2006-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈர மண்ணிலோ இலையிலோ இடும் முட்டைக்குள்ளேயே கால் முளைத்துக் குட்டித் தவளையாக வெளியே வரும். காற்றில் எந்நேரமும் ஈரம் இருக்கும் மலையில்தான் அது நடக்கும். நம் சமவெளியின் வறட்சியில் பிழைக்கத் தேரை கண்டுபிடித்த வழி நுரைக்கூடு. அழகர்மலை, சிறுமலை, சாப்டூர் காடு என்று சுற்றிலும் காடு இருந்தாலும், இந்தக் குடும்பத்தில் நம்மோடு ஒரே கூரையின் கீழ் குடியிருப்பது இது ஒன்றுதான்.

வெயில் காலத்தில் குளியலறைக்குள் இது ஏன் வருகிறது என்று பலரும் கேட்கிறார்கள். சித்திரை, வைகாசியில் மதுரை நாற்பது டிகிரியைத் தொடும்போது ஈரம் மிச்சமிருக்கும் இடம் அதுதான். ஃப்ளஷ் தொட்டியின் பின்புறம், குழாய்க்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, கவிழ்த்துவைத்த வாளியின் உட்புறம் என ஓர் இடத்தைப் பிடித்துக் கைகால்களை உடம்போடு ஒடுக்கி, கண்ணை மூடி நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்துவிடும். அசையாமல் இருப்பதற்கு முன்னால் அது செய்யும் ஒரு வேலையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். தோலிலிருந்து எண்ணெய்ப் பசையான ஒரு சுரப்பு வரும். அதை முன்கைகளால் தலையிலும் கழுத்திலும், பின்கால்களால் முதுகிலும் விலாவிலும் வழித்து வழித்துப் பூசிக்கொள்ளும். கண்ணுக்கு மேல், கண்ணுக்குக் கீழ், கைக்கு எட்டாத முதுகுக்குப் பின்காலைத் தூக்கி என்று ஓர் இடம் விடாது. அந்தப் பூச்சு காய்ந்ததும் தோலிலிருந்து நீர் ஆவியாவது குறைந்துவிடும். விஞ்ஞானிகள் இந்தத் தேரையிலேயே ஆராய்ந்து உறுதிசெய்த செய்தி இது. பூசி முடித்து உட்கார்ந்திருக்கும் தேரைமேல் விளையாட்டாகத் தண்ணீர் தெளிப்பதும், குச்சியால் நகர்த்துவதும் அந்தப் பாதுகாப்பைக் கலைக்கிற வேலை.

அதைத் தொட்டால் மரு வரும், குழந்தை இளைக்கும், மூத்திரம் பட்டால் தோல் வெந்துபோகும் என்று சொல்லப்படுபவை எதற்கும் அடிப்படையில்லை. மரு வைரஸால் வருவது. குழந்தை இளைத்தால் ஊட்டச்சத்துக் குறையோ, பூச்சித் தொல்லையோ, வேறு நோயோ இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், நாள் கடத்தக்கூடாது. பிடித்ததும் பீய்ச்சுவது விஷமல்ல. வறட்சிக்காக மூத்திரப்பையில் சேமித்து வைத்திருந்த தண்ணீர் அது, பயத்தில் வெளியேற்றுகிறது. அதை இழந்த தேரைக்கு அன்று இரவுக்குள் ஈரம் கிடைக்காவிட்டால் காய்ந்து செத்துப்போகும். பிடித்தவர்கள் இதை நினைவில் வைத்து விட வேண்டும். தோல் சுரப்பு கண்ணில் பட்டால் எரிச்சல் தரலாம் என்பதால் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வது நல்லது. அவ்வளவுதான் முன்னெச்சரிக்கை.

தேரை இருந்தால் பாம்பு வரும் என்ற பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. கொம்பேறி மூக்கனும் தண்ணீர்ப் பாம்பும் தவளை தின்பவை, இரண்டுக்கும் விஷமில்லை. வீட்டுக்குள் நல்ல பாம்பை இழுத்துவருவது பெரும்பாலும் எலி. செங்கல் குவியல், விறகு, அரிசி மூட்டைக்கு அடியில் எலிவளை ஆகியவற்றைச் சரிசெய்யாமல் தேரையை மட்டும் துரத்துவதால் பயன் ஒன்றுமில்லை. தேரை தின்பது கரப்பான், பாச்சை, அந்துப்பூச்சி, ஈசல். கரப்பானை விழுங்கும்போது அதன் கண்கள் இரண்டும் தலைக்குள் அமுங்குவதைப் பார்க்கலாம். கண்விழியே உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குத் தள்ளிவிடுகிறது.

உப்பு, பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதையும் அதன்மேல் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுக்கும் தொடைக்கும் அடியிலுள்ள மெல்லிய தோல் வழியே உறிஞ்சுகிறது. மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியேதான். உப்பு பட்டால் உடம்பின் நீர் வெளியே இழுக்கப்படும். பினாயில் தோல் வழியே நேராக ரத்தத்தில் இறங்கும். உடனே சாகாமல் மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

வெளியே விடுவது எளிது. கையை வெறும் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். சோப்போ சானிடைசரோ கையில் இருக்கக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் மக்கைத் தேரைமேல் கவிழ்த்து, சுவருக்கும் மக்கின் வாய்க்கும் இடையில் ஓர் அட்டையை மெதுவாகச் செருகினால் கை படாமலே எடுத்துவிடலாம். அட்டையை வேகமாகத் தள்ளினால் விரல் வட்டு மாட்டிக் கிழியும். கீழிருந்து மேலாக, அது தானாகக் காலை எடுத்து வைக்கும்படி நகர்த்த வேண்டும். விடுகிற நேரம் பொழுது சாய்ந்த பிறகு. விடுகிற இடம் உங்கள் வளாகத்துக்குள்ளேயே வாழை மூடு, கழுவுதொட்டி ஓரம், செடித் தொட்டிகளுக்கு நடுவே என்று நிழலும் ஈரமும் உள்ள இடம். பையில் போட்டு வண்டியூர்க் கண்மாயில் கொண்டுபோய் விட்டுவருவது நல்லெண்ணத்தோடு செய்கிற தவறு. பழகிய மறைவிடம் தெரியாமல் அலைந்து வெயிலில் மாட்டும், அல்லது கொக்குக்கு இரையாகும். உள்ளே வராமல் தடுக்க வேண்டுமானால் வென்டிலேட்டருக்கும் தரை வடிகாலுக்கும் செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் நுனிக்கும் கொசுவலை கட்டுங்கள். கொசுவுக்கும் சேர்த்து வழி அடைபடும்.

இனி நுரைக்கூடு. மழை பெய்த இரவில் தொட்டிப் பக்கம் கதவை விரலால் தட்டுவது போல டக், டக், டக் என்று விட்டுவிட்டுச் சத்தம் கேட்டால் ஆண் தேரை கூப்பிடுகிறது என்று பொருள். ஓரிரு நாளில் நுரையை எதிர்பார்க்கலாம். ஆணை முதுகில் சுமந்தபடி பெண் சுவரில் ஒட்டிக்கொண்டு, தன் உடம்பிலிருந்து வரும் திரவத்தைப் பின்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கும். அதற்குள்ளேயே முட்டை இடும். ஒரு கூட்டில் சில நூறு முட்டைகள் இருக்கும். முதல் நாள் நுரை வெள்ளையாக, தொட்டால் ஒட்டும். மறுநாள் மேற்புறம் காய்ந்து மஞ்சள் படிந்த தோலாகும், உட்புறம் ஈரமாகவே இருக்கும். நான்கைந்து நாளில் உட்புறம் இளகி, புழுப்போல் நெளியும் தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாக அடியிலுள்ள தண்ணீரில் விழும். மழை தண்ணென்று இருந்தால் ஒன்றிரண்டு நாள் கூடுதலாகும்.

பலரும் செய்யும் பிழை, நுரையை வழித்து நேராக ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிடுவது. தண்ணீரில் நுரை கரைந்துபோகும், முட்டைகள் அடியில் உட்கார்ந்து காற்றில்லாமல் அழுகிவிடும். முதல் சில நாள் கரு நுரையிலுள்ள காற்றில்தான் வளர்கிறது, தண்ணீருக்குள் அல்ல. ஆகவே கூடு தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், தண்ணீர் அதன் நேர் கீழே இருக்க வேண்டும். இந்த ஒன்றை விட்டுவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

இருபது லிட்டர் பிடிக்கும் வாய் அகன்ற ஒரு டப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் குறுகிய குடமோ கேனோ உதவாது. அரை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மழைத்தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ உத்தமம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். கொசுப்புழு மருந்து ஊற்றிய தொட்டியின் தண்ணீரை ஒரு மக் அளவுகூடச் சேர்க்காதீர்கள். டப்பின் வாயில் வெங்காய மூட்டைக்குப் பயன்படும் கண் பெரிய வலையை இழுத்துக் கட்டுங்கள். தொய்வாகக் கட்டினால் கூட்டின் எடையில் தாழ்ந்து தண்ணீரைத் தொட்டுவிடும். இப்போது நனைத்த தோசைக்கரண்டியைச் சுவருக்கும் நுரைக்கும் நடுவே தட்டையாக வைத்து, ஓரத்திலிருந்து சுற்றி வந்து, கூட்டை ஒரே துண்டாகப் பெயர்த்து வாழை இலைத் துண்டில் வாங்குங்கள். சிமெண்டுச் சுவரில் நுரை ஒட்டிப் பிடிக்கும், அவசரப்பட்டால் நடுவில் பிளந்துகொள்ளும். பிளந்தாலும் துண்டுகளை ஒட்டி வைத்துவிடலாம், வீணாகிவிட்டது என்று எறிய வேண்டாம். கூட்டின் காய்ந்த புறம் மேலே இருக்கும்படி வலையின் மேல் இறக்கி, மேலே நனைத்த பூவரச இலை ஒன்றைப் போர்த்துங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கொசுவலையால் மூடி, டப்பின் கழுத்தில் ரப்பர் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள். கொசு உள்ளே முட்டையிடவும் முடியாது, காகமும் ஓணானும் நெருங்கவும் முடியாது. சுகாதாரப் பணியாளர் வந்து பார்த்தாலும் குறை சொல்ல இடமிருக்காது.

டப்பை உச்சி வெயில் படாத இடத்தில் வையுங்கள். காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் பாசி பிடிக்கும், அது பின்னால் தீனியாகும். காலையும் மாலையும் இலைமேல் கையால் தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றக்கூடாது. எறும்பு மிகப்பெரிய எதிரி. ஒரே இரவில் கூட்டைக் காலி செய்துவிடும். டப்பைத் தரையில் வைக்காமல் ஒரு தட்டில் தண்ணீர் நிரப்பி, அதன் நடுவே செங்கல் வைத்து, அதன்மேல் வையுங்கள். ஐந்தாம் நாள் ஆகியும் கூட்டில் அசைவு தெரிந்து எதுவும் விழாமல் இருந்தால், ஒரு மக் தண்ணீரை உயரத்திலிருந்து மழையாகச் சிதற விடுங்கள். உள்ளே இளகியிருப்பது எல்லாம் இறங்கிவிடும். பிறகு வெங்காய வலையை எடுத்துவிட்டுக் கொசுவலையை மட்டும் கட்டினால் போதும்.

விழுந்த தலைப்பிரட்டைக்கு முதல் ஒன்றிரண்டு நாள் தீனி வேண்டாம், வயிற்றில் மஞ்சள் கரு மிச்சமிருக்கும். தேரையின் தலைப்பிரட்டையை மூக்கு நுனியிலுள்ள வெள்ளிப் புள்ளியை வைத்து அடையாளம் காணலாம். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு பளபளப்பு நகரும். இவை பாசி தின்பவை. பாசி போதாதென்றால் தண்டுக்கீரையையோ அரைக்கீரையையோ உப்பில்லாமல் குழைய வேகவைத்து, இரண்டு விரலில் அள்ளும் அளவு நாள்விட்டு நாள் போடுங்கள். மறுநாள் மிச்சமிருந்தால் எடுத்துவிட வேண்டும். சோறு, பிஸ்கட், பொரி எதுவும் கூடாது. தண்ணீர் புளித்து, ஒரே நாளில் எல்லாம் செத்து மிதக்கும். தலைப்பிரட்டைகள் கூட்டமாக மேலே வந்து திரும்பத் திரும்பக் காற்றை வாங்கினாலோ, தண்ணீரில் நாற்றம் அடித்தாலோ, உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மற்றபடி மூன்று நாளைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் போதும். முழுவதையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது.

சில நூறையும் ஒரே டப்பில் வளர்க்க ஆசைப்படுவதுதான் மிகுதியான தோல்விக்குக் காரணம். இருபது லிட்டருக்கு நாற்பதைத் தாண்டாதீர்கள். நெரிசலில் வளர்ச்சி நின்று, கால் முளைக்காமலே மாதங்கள் ஓடிவிடும். மிச்சத்தைப் பக்கத்திலுள்ள மீனில்லாத தண்ணீரில் விட்டுவிடலாம்: பாசி பிடித்த சிறு ஊருணி, வயலோரக் குட்டை, மழை தேங்கிய கல்குழி. மீன் இல்லாத என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். கிணறுகளிலும் தொட்டிகளிலும் கொசுப்புழுவுக்காக விடப்படும் கம்பூசியா மீன் 1928-இல் இந்தியாவுக்கு வந்தது. ஜிலேபிக் கெண்டை 1952-இல் ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் கண்மாய்களையெல்லாம் நிறைத்திருக்கிறது. இரண்டும் உள்ள தண்ணீரில் சின்னத் தலைப்பிரட்டை தப்புவது கடினம். வேறு ஊருக்கும் எடுத்துப்போக வேண்டாம். தவளை நோய்கள் தண்ணீரோடு பயணிக்கின்றன.

சுமார் இரண்டு மாதம் ஆகும். முதலில் பின்கால், பிறகு முன்கால். முன்கால் வந்த அன்றே தீனி தின்பது நின்றுவிடும். வாலைக் கரைத்து உடம்புக்குச் சத்தாக்கிக்கொள்ளும் நாட்கள் அவை. வாய் மாறுகிறது, குடல் சுருங்குகிறது, நுரையீரல் முழு வேலைக்கு வருகிறது. அந்த நேரத்தில் ஏறி உட்கார இடமில்லாவிட்டால் தவளைக் குஞ்சு தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். இரண்டு மாதம் பாடுபட்டுக் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் இழப்பவர்கள் இதனால்தான் இழக்கிறார்கள். முன்கால் தெரிந்ததும் தண்ணீரை நான்கு விரல் ஆழத்துக்குக் குறைத்து, ஒரு தென்னை மட்டைத் துண்டைச் சாய்வாக வையுங்கள். பாதி தண்ணீரில், பாதி வெளியே. மட்டைமேல் வாலோடு ஏறி உட்கார்ந்திருக்கும் குஞ்சைத் தொடாதீர்கள். வால் முழுக்கக் கரைந்ததும், பொழுது சாய்ந்தபின் கொசுவலையின் ஒரு பக்கத்தைச் செடிகளை நோக்கித் திறந்துவிட்டால் அவையே போய்விடும். விடியும் முன் மறுபடி கட்டிவிடுங்கள்.

தலைப்பிரட்டை டெங்குவைத் தடுக்குமா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இலங்கையில் நடந்த ஓர் ஆய்வில், நம் தேரைக்கு நெருங்கிய இனத்தின் தலைப்பிரட்டைகள் ஏடிஸ் கொசுவின் முட்டைகளைத் தின்றன. 2013-இல் அது வெளியானது. ஆய்வகத் தொட்டியில் கண்ட செய்தி அது. அதை நம்பி வீட்டுத் தொட்டியைக் கழுவாமல் விட்டால் ஆபத்து நமக்குத்தான். கழுவித்தான் ஆக வேண்டும்.

குடிதண்ணீர்த் தொட்டியில் தேரை விழுந்து செத்துக் கிடந்தால் பதற வேண்டாம். தண்ணீரை முழுக்க வெளியேற்றி, அடியும் சுவரும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம். அடியில் தங்கும் சுண்ணாம்பு வண்டலை ஊற்றக்கூடாது. மறுபடி விழாமலிருக்க மூடியின் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். மிகைநீர்க் குழாயின் நுனியில் நைலான் கொசுவலையைக் கம்பியால் கட்டுங்கள். அந்த வலையை மாதம் ஒருமுறை கழுவாவிட்டால் தூசி அடைத்து, தண்ணீர் மூடி வழியே வழிந்து மாடித்தளம் ஊறும். பலர் வலையைப் பிடுங்கி எறிவது இதனால்தான், கழுவினாலே போதும்.

தேரை நம் தொட்டிக்கு வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தேடுவது தண்ணீருக்கு மேலே சாய்ந்த இலை. ஊருணிக் கரையில் பூவரசும் புங்கனும் நொச்சியும் தண்ணீரைப் பார்த்துக் கவிந்திருந்த காலத்தில், கூடுகள் அந்த இலைகளில் தொங்கின. ஊருணியைத் தூர்வாரும்போது நான்கு கரையையும் சுத்தமாக மழித்துச் செங்குத்தாகக் கல் கட்டிவிடுகிறோம். தண்ணீர் நிற்கிறது, அதன்மேல் ஒரு கிளையும் இல்லை. தூர்வாருவது அவசியமான வேலை. நான்கு கரையில் ஒரு கரையில், பத்து மீட்டர் நீளத்துக்காவது மரம் செடிகளை வெட்டாமல் விடும்படி வேலையை மேற்பார்க்கிறவர்கள் ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் சொல்லலாம். அந்தப் பக்கம் கல் கட்டாமல் மண் சரிவாக விட்டால் குஞ்சுகள் ஏறவும் வழி கிடைக்கும். 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் சுனைகளும் ஊருணிகளும் கரைமரங்களோடு இன்றும் இருக்கின்றன. இப்படிக் கரை விடுவது எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பும் ஊராட்சித் தலைவர்கள் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பார்த்துவரலாம்.

மாநகராட்சியின் நூறு வார்டுகளிலும் மழைக்கு முன் கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும்போது, நுரைக்கூட்டின் படம் ஒன்றைக் காட்டி, கழுவும் முன் வீட்டுக்காரரிடம் எடுத்து வைக்கச் சொல்லுமாறு ஒரு வரி சேர்க்க வேண்டும். அவர்களது வேலைப் பளு நமக்குத் தெரியும். கூட்டை அவர்களே எடுக்க வேண்டியதில்லை, சுட்டிக்காட்டினால் போதும். பள்ளிகளில் தொட்டி கழுவும் நாளில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு டப் வளர்த்தால், அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் கால் முளைப்பதைக் கண்ணால் பார்த்துவிடுவார்கள். விடுமுறையில் தண்ணீர் மாற்ற ஓர் ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தொடங்க வேண்டாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை வெளியிடும்போது இடம் இருந்தால் இரண்டு படங்கள் சேர்த்துப் போடுங்கள். ஒன்று, தாவும் தேரையின் தொடையிலுள்ள மஞ்சள் புள்ளி. மற்றொன்று, தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் முதல்நாள் நுரைக்கூடு.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர்கள் சிலர்,
திருநகர், மதுரை.